டிரம்சுக்கு ஏழு மைக் எதற்கு?

"அப்பா, எனக்கு ஏழு மைக் வேண்டும்!"

பையன் இப்படிக் கேட்டதும் தகப்பனார் திடுக்கிட்டுப் போகிறார்.

"ஏழா? கல்யாண மண்டபத்தில்கூட இரண்டு மைக்தானே வைக்கிறார்கள்! உனக்கு எதற்கப்பா ஏழு?"

"டிரம்ஸ் வாசித்து ரெக்கார்டு செய்வதற்கு அப்பா. ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக். எல்லாம் ஒரே பெட்டியில் வருகிறது. விலையும் மலிவு."

"மலிவு" என்ற சொல் காதில் விழுந்ததும், தாயார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

"ஏழு சாமான் மலிவு விலைக்கு வந்தால், அதில் எத்தனை உருப்படியாக இருக்கும்?" என்று கேட்கிறார்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் பேச்சு அல்ல. டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளை இருக்கிற பல வீடுகளில் நடக்கிற பேச்சு. மாதா கோவில் பாட்டுக் குழுவில் வாசிக்கும் பையன், மெல்லிசைக் கச்சேரிக்குப் போகும் வாலிபன், சிவமணி வாசிப்பதைப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கையில் எடுத்த சிறுமி... எல்லோருக்கும் ஒரு நாள் இந்த ஆசை வருகிறது. தான் வாசித்ததைத் தானே கேட்க வேண்டும். நாலு பேருக்கும் கேட்கக் கொடுக்க வேண்டும்.

ஆசையில் தவறு இல்லை. ஆனால், தாயார் கேட்டாரே, அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

ஏழு வேண்டாம். இரண்டு போதும். முடிந்தால் மூன்று. இதற்குக் காரணம் உண்டு.

வாடகைக்கு வரும் "மைக் செட்" அல்ல

தமிழ்நாட்டில் "மைக் செட்" என்றால் எல்லோருக்கும் தெரியும். கோவில் கொடைக்கும் காதணி விழாவுக்கும் கட்டுகிற ஒலிபெருக்கி அது. விடியற்காலையில் தெருவையே எழுப்பிவிடும்.

இங்கே பேசப்படுவது அது அல்ல. இது சத்தத்தை வெளியே கொட்டுவது இல்லை. சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வது. கடையில் "டிரம் மைக் செட்" என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால், பஞ்சு மெத்தையில் படுக்க வைத்தது போல ஏழு மைக்குகள் வரிசையாக இருக்கும். பார்க்க அழகு. பையன் மயங்கிவிடுவதில் ஆச்சரியம் இல்லை!

ஏழும் எங்கே போகும்? காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்முக்கு ஒன்று. இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்னேர் டிரம்முக்கு ஒன்று. உருண்டையாக மூன்று டாம்கள் உண்டு. அவற்றுக்கு மூன்று. தலைக்கு மேலே பித்தளைத் தட்டுகளைப் பார்த்துத் தொங்குவதற்கு இரண்டு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்காரன் போல இருக்கிறது கணக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால், காது அப்படிக் கேட்பது இல்லை. டிரம்ஸ் வாசிப்பவர் முன்னால் போய் நில்லுங்கள். ஏழு வாத்தியமா கேட்கிறது? இல்லை. ஒரே வாத்தியம்தான் கேட்கிறது. அதைக் கேட்பதற்கு மனிதனுக்கு இருப்பவை இரண்டே காதுகள்.

டிரம்மைக் கண்டு பயந்த காலம்

ஒரு காலத்தில் டிரம்மை ரெக்கார்டு செய்யவே முடியாமல் இருந்தது.

அது மைக் வராத காலம். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நிற்பார்கள். புனலின் மறு நுனியில் ஓர் ஊசி. சத்தத்தின் அதிர்ச்சியில் அந்த ஊசி அசைந்து மெழுகில் கோடு போடும். பேஸ் டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். தட்டு கெட்டுப்போகும்.

அமெரிக்காவில் 1923-ம் ஆண்டு கிங் ஆலிவர் என்பவரின் ஜாஸ் குழு, ரிச்மண்ட் என்ற ஊரில் இசைத்தட்டுக்கு வாசித்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் பேபி டாட்ஸ். பெரிய பெயர் பெற்றவர். ஆனால், அந்த இசைத்தட்டுகளில் அவருடைய பேஸ் டிரம்மைத் தேடினால் கிடைக்காது. மரக்கட்டைகளைத் தட்டும் "டொக் டொக்" சத்தமே கேட்கும். அவ்வளவு பெரிய வித்துவானைக் கட்டை தட்ட வைத்துவிட்டது அந்தப் புனல்!

1925-ம் ஆண்டில் மின்சார ரெக்கார்டிங் வந்தது. புனல் போய் மைக் வந்தது. அதன் பிறகுதான் டிரம்முக்கு விடுதலை.

அப்போதும் ஏழு மைக் வைக்கவில்லை. பல ஆண்டுகள் வரை, முழு வாத்தியக் குழுவுக்கே ஒன்றோ இரண்டோதான்.

உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய பீட்டில்ஸ் குழு இருக்கிறதே! 1963-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, லண்டனில் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளை ரெக்கார்டு செய்தார்கள். அந்த ஆரம்ப காலத்தில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்சுக்குத் தலைக்கு மேல் ஒரு மைக், பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒரு மைக். அவ்வளவுதான். அந்தப் பாட்டுகளில் டிரம்ஸ் சரியாகக் கேட்கவில்லை என்று யாரும் இசைத்தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மைக்குக்குள் ஒரு டைனமோ

விலை ஏன் வேறுபடுகிறது என்று தெரிய வேண்டுமானால், மைக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு காந்தம். பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். சக்கரம் உருண்டால், இரண்டில் ஒன்று சுழலும். உடனே கம்பியில் மின்சாரம் ஓடும். விளக்கு எரியும்.

ஒரு வகை மைக்கும் இதே டைனமோதான். சக்கரத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய சவ்வு. சத்தம் வந்து மோதினால் சவ்வு அசைகிறது. சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருளும் காந்தத்துக்கு நடுவே அசைகிறது. மின்சாரம் பிறக்கிறது. இதற்கு டைனமிக் மைக் என்று பெயர்.

இது முரட்டுப் பிள்ளை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்னேருக்கும் டாமுக்கும் பேஸ் டிரம்முக்கும் இதுதான் ஏற்றது.

இன்னொரு வகை, கண்டென்சர் மைக். இதில் கம்பிச் சுருள் இல்லை. இரண்டு மெல்லிய தகடுகள் நெருங்கி நிற்கும். ஒன்று அசையும். மற்றொன்று அசையாது. இடைவெளி மாற மாற மின்சாரமும் மாறும். அசைய வேண்டியது மிகவும் இலேசானது. ஆகவே, பித்தளைத் தட்டின் "சிலீர்" என்ற மெல்லிய ஓசையைக்கூடப் பிடித்துவிடும். ஆனால், இது தானாக வேலை செய்யாது. இதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். மைக்கைச் செருகுகிற பெட்டியிலிருந்தே அது வரும்.

தலைக்கு மேலே தொங்குபவை பெரும்பாலும் கண்டென்சர்தான். முழு டிரம்சையும் ஒன்றாகக் கேட்கும் வேலை அந்த இரண்டுக்கும் உரியது. ரெக்கார்டிங்கில் முக்கால் பங்கு வேலையை அவையே செய்கின்றன.

மலிவான பெட்டியின் பலவீனம் எங்கே என்று கேட்டால், இங்கேதான்! அதில் வரும் டாம் மைக்குகள் மோசம் என்று சொல்வதற்கு இல்லை. முரட்டு வேலையை மலிவு மைக்கும் ஓரளவு செய்துவிடும். ஆனால், தலைக்கு மேல் தொங்கும் இரண்டு மட்டும் பெரும்பாலும் சொத்தையாக இருக்கும். பித்தளைத் தட்டு தகர டப்பா போலக் கேட்கும். சமையலுக்கு ஏழு கரண்டி கொடுத்துவிட்டு, ஓட்டைப் பானையைக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

தாயாரின் கணக்கு

அமெரிக்காவில் ஏழு மைக் உள்ள மலிவுப் பெட்டிகள் 200 டாலருக்கும் கீழேயே கிடைக்கின்றன. ஏழால் வகுத்தால் ஒரு மைக் 29 டாலருக்கும் குறைவு. பெட்டிக்கும், பஞ்சுக்கும், டிரம் விளிம்பில் மாட்டும் கிளிப்புக்கும் அதற்குள்ளேயே விலை அடங்க வேண்டும்.

ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 57 என்று ஒரு மைக் இருக்கிறது. 1965-ம் ஆண்டு வந்தது. அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேடையில், லிண்டன் ஜான்சன் காலத்திலிருந்து இந்த மைக்தான். அதே மைக்கை ஸ்னேர் டிரம்முக்குப் பக்கத்திலும் உலகம் முழுவதும் வைக்கிறார்கள். ஜனாதிபதியின் பேச்சுக்கும் டிரம் அடிக்கும் ஒரே மைக்! அதன் விலை அங்கே சுமார் 100 டாலர். ஆடம்பரப் பொருள் அல்ல. ஆனால், வாங்கினால் பேரப்பிள்ளை காலம் வரை வரும்.

ஒரே பணம். ஒரு பக்கம் ஏழு. இன்னொரு பக்கம் இரண்டு. கடைக்காரர் ஏழைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்.

ஏழை வாங்கியதோடு செலவு முடிவது இல்லை. ஏழு மைக்குக்கு ஏழு வயர் வேண்டும். தலைக்கு மேலே தொங்க இரண்டு ஸ்டாண்டு வேண்டும். பேஸ் டிரம்முக்குக் குட்டை ஸ்டாண்டு ஒன்று. இவை பெரும்பாலும் பெட்டியில் வருவது இல்லை.

பிறகு இன்டர்பேஸ். மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டி அது. இரண்டு மைக் செருகும் இன்டர்பேஸ் கையடக்கமான விலைக்குக் கிடைக்கும். ஏழு மைக்குக்கு எட்டு வாய் உள்ளது வேண்டும். அதன் விலை பல மடங்கு. மைக்கை மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்தவர், இன்டர்பேஸ் விலையைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார். ஆட்டுக்குட்டியை மலிவாக வாங்கி, கட்டுவதற்கு மாட்டுத் தொழுவம் கட்டிய கதைதான்.

இப்படிப் பாதியில் நின்றுபோன பெட்டிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் ஏறியிருக்கின்றன. பணம் போனது ஒரு கவலை. "இனி உனக்கு ஒன்றும் வாங்கித் தர மாட்டேன்" என்று தகப்பனார் சொல்லிவிடுகிறாரே, அது பெரிய கவலை. பையனின் கை திருந்தி வருகிற வயதில் வீட்டில் இப்படி ஒரு கதவு மூடிக்கொள்கிறது.

நூல் பிடித்து அளக்கும் வித்தை

இரண்டு மூன்று மைக்கில் என்ன செய்ய முடியும் என்று சந்தேகப்படுபவர்கள் கிளின் ஜான்சின் கதையைக் கேட்க வேண்டும்.

இவர் லண்டனில் புகழ் பெற்ற ரெக்கார்டிங் என்ஜினீயர். 1968-ம் ஆண்டு லெட் செப்பலின் என்ற குழுவின் முதல் ஆல்பத்தை ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ரெக்கார்டு செய்தார். டிரம்ஸ் வாசித்தவர் ஜான் போனம். இடி இடிப்பது போல அடிப்பவர்.

அந்தச் சமயத்தில், கிட்டத்தட்டத் தற்செயலாக ஒரு முறை அகப்பட்டது. ஒரு மைக் ஸ்னேருக்கு மேலே, கீழ் நோக்கி. இன்னொரு மைக், வாசிப்பவரின் வலது பக்கம், தரையில் நிற்கும் டாமுக்கு அப்பால், குறுக்கே பார்த்தபடி. ஒன்றை இடது காதுக்கும் மற்றொன்றை வலது காதுக்கும் கொடுத்தார். திடீரென்று டிரம்ஸ் விரிந்து, பெரிதாகி, கண் முன்னால் நிற்பது போலக் கேட்டது!

பேஸ் டிரம்முக்கு ஒன்று, தேவையானால் ஸ்னேருக்கு ஒன்று. ஆக, மூன்று அல்லது நான்கு. "கிளின் ஜான்ஸ் முறை" என்று அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவை இல்லை. ஒரு நூல் போதும். நூலின் ஒரு நுனியை ஸ்னேரின் நடுவில் அழுத்திக்கொண்டு, மறு நுனியை முதல் மைக் வரை இழுக்க வேண்டும். அதே நூலை அப்படியே இரண்டாவது மைக்குக்குத் திருப்ப வேண்டும். எட்டாவிட்டால் மைக்கை நகர்த்த வேண்டும். கொத்தனார் செய்கிற வேலைதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கிளின் ஜான்ஸ் வைத்திருந்தவை ஜெர்மனியில் செய்த நியூமன் மைக்குகள். மிக விலை உயர்ந்தவை. மலிவு மைக்கில் அதே நாதம் வராது. ஆனால், நூல் ஒன்றுதான். அளவும் ஒன்றுதான்.

தூரம் ஏன் சமமாக வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள ஊஞ்சலை நினைத்தால் போதும். குழந்தை ஊஞ்சலில் ஆடுகிறது. இரண்டு பேர் ஆட்டிவிடுகிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுத்தால்? ஊஞ்சல் நின்றுவிடும். இருவருக்கும் கைதான் வலிக்கும்.

சத்தமும் அப்படித்தான். அது காற்றைத் தள்ளும், பிறகு இழுக்கும். நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடும். ஸ்னேரின் கனமான நாதம் நொடிக்கு 200 முறை அதிர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மைக் மற்றதைவிட 85 சென்டிமீட்டர், அதாவது சுமார் இரண்டே முக்கால் அடி, தள்ளி இருந்தால் தீர்ந்தது. ஒன்று "தள்ளு" என்கிறபோது மற்றொன்று "இழு" என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், ஸ்னேரின் கனம் காணாமல் போய்விடும். அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும்.

இரண்டு மைக்கில் இந்தத் தொல்லையை நூல் தீர்த்துவிடும். ஏழு மைக்கில்?

ஏழு மைக்கும் ஏழு டிரம்மை மட்டும் கேட்பது இல்லை. ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் கேட்கிறது. டாமுக்கு வைத்த மைக், பக்கத்துப் பித்தளைத் தட்டையும் சேர்த்துக் கேட்கிறது. ஸ்னேர் சத்தம் ஏழு மைக்குக்கும் ஏழு வேறு நேரங்களில் போய்ச் சேருகிறது. ஏழு பேர் ஏழு பக்கம் ஊஞ்சலை இழுத்தால் என்ன ஆகும்? தேர்ந்த என்ஜினீயர் சமாளிப்பார். பதினாறு வயதுப் பையன் எங்கே தவறு என்றே தெரியாமல், "என் வாசிப்புத்தான் சரி இல்லை போலிருக்கிறது" என்று குச்சியைக் கீழே வைத்துவிடுவான். பெட்டியின் குற்றத்தைத் தன் கையின் குற்றமாக நினைத்துவிடுவான்.

மாடிப்படியில் தொங்கிய மைக்

அதே ஜான் போனம். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய பெரிய வீடு. ஒரு காலத்தில் ஏழைகள் தங்கும் விடுதியாக இருந்த கட்டடம். அங்கே போய் லெட் செப்பலின் குழு ரெக்கார்டு செய்தது. கிளின் ஜான்சின் தம்பி ஆண்டி ஜான்ஸ்தான் என்ஜினீயர்.

வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்சைப் போட்டார்கள். மைக்கை எங்கே வைத்தார்கள்? டிரம்முக்குப் பக்கத்தில் அல்ல. மாடியில்! படிக்கட்டின் மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார்கள். 1971-ம் ஆண்டு வெளிவந்த "வென் தி லெவி பிரேக்ஸ்" என்ற பாட்டில் கேட்கும் டிரம்ஸ் அதுதான். உலகத்தில் அதிகமாகப் பேசப்பட்ட டிரம் சத்தங்களில் அது ஒன்று. பேஸ் டிரம்முக்குக்கூடத் தனி மைக் கிடையாது.

அந்தப் பாட்டில் பாதிப் பெருமை மாடிப்படிக்கு. கூடம் உயரமானது. சத்தம் ஏறி, சுழன்று, இறங்கியது.

தமிழ்நாட்டு வீட்டில் பத்துக்குப் பத்து அறைதான் கிடைக்கும். மேலே தாழ்வான கான்கிரீட் கூரை. நாலு பக்கமும் வெறும் சுவர். சத்தம் சுவரில் மோதி உடனே திரும்பி வரும். எந்த மைக்கை வாங்கினாலும் குளியலறையில் பாடியது போலத்தான் கேட்கும். இதற்கு மருந்து கடையில் இல்லை. பீரோவில் இருக்கிறது. பழைய ஜமக்காளம், கம்பளி, பஞ்சு மெத்தை. டிரம்சுக்கு எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைக்கலாம். தலைக்கு மேல், கூரையை ஒட்டி ஜமக்காளத்தைக் கட்டலாம். கூரைக்கும் மைக்குக்கும் இடைவெளி குறைந்தால் சத்தம் கெடும். அதனால் மைக்கைச் சற்றுத் தாழ்வாகவே வைப்பது நல்லது.

ஜன்னலைச் சாத்திவிட்டு அடிப்பது பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

கம்பளிச் சட்டையும் சமையலறைத் துண்டும்

காசு செலவு இல்லாத வழிகளைப் பெரிய மனிதர்களும் வெட்கப்படாமல் கையாண்டிருக்கிறார்கள்.

1966-ம் ஆண்டு பீட்டில்ஸ் ரெக்கார்டிங்குக்கு ஜெப் எமரிக் என்ற வாலிபர் என்ஜினீயராக வந்தார். வயது 20. பேஸ் டிரம்முக்கு மிக அருகில் மைக் வைக்கக் கூடாது என்று ஸ்டூடியோவில் விதி. அதை மீறி அருகில் கொண்டுபோய் வைத்தார். ஒரு பழைய கம்பளிச் சட்டையை எடுத்து டிரம்முக்குள்ளே திணித்தார். "டொம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டிருந்த சத்தம் "தும்" என்று கெட்டியாக விழுந்தது. அன்றைக்கு வந்த அந்தச் சத்தத்துக்கு மைக் எவ்வளவு காரணமோ, சட்டையும் அவ்வளவு காரணம்.

அதே குழுவில் ரிங்கோ ஸ்டார் பிற்காலத்தில், பாத்திரம் துடைக்கும் துண்டை டாம்மேல் விரித்துப் போட்டு வாசித்தார். துண்டு போட்டதால் அவர் புகழ் குறைந்துவிடவில்லை.

ஆகவே மைக் கடைக்குப் போவதற்கு முன்னால், டிரம்சைப் பார்க்க வேண்டும். தோல் பள்ளம் விழுந்து கிடக்கிறதா? மாற்ற வேண்டும். புதிய தோல் மைக்கைவிட மலிவு. சுருதி சேர்த்திருக்கிறதா? மிதிக்கும் பெடல் கிறீச்சிடுகிறதா? ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். நல்ல மைக் இருக்கிறதே, அது கிறீச்சையும் நன்றாகவே பிடித்துவிடும்!

எதை முதலில் வாங்குவது?

முதல் நாள் ஒன்றும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் செல்போனை, டிரம்சுக்கு முன்னால் ஐந்தாறு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்து ரெக்கார்டு செய்து கேட்க வேண்டும். சுருதி, அறையின் எதிரொலி, கையின் வேகம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அங்கேயே சரி இல்லாததை எந்த மைக்கும் சரி செய்யாது.

பிறகு, ஒரே மாதிரியான இரண்டு கண்டென்சர் மைக். சிறிய, பென்சில் போன்ற வகை. ஜோடியாகவே விற்கிறார்கள். கையில் உள்ள பணத்தில் பெரும் பங்கை இதற்கே போட வேண்டும். இரண்டு உறுதியான ஸ்டாண்டு, இரண்டு நல்ல வயர். ஸ்டாண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நோஞ்சான் ஸ்டாண்டு சாய்ந்து, மைக் பித்தளைத் தட்டின்மேல் விழுந்தால், மிச்சம் பிடித்த காசு அதோடு போயிற்று.

மூன்றாவது, பேஸ் டிரம்முக்கென்று செய்த டைனமிக் மைக். அது அடித்தொண்டைச் சத்தத்தைப் பிடிக்கும். இதை ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் போதும். ஆனால், வாங்குகிற எண்ணம் இருந்தால், இன்டர்பேசை முதலிலேயே நான்கு வாய் உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட வேண்டும். 48 வோல்ட் வசதி இருக்கிறதா என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. இரண்டு வாய் பெட்டிதான் கட்டுப்படியாகும் என்றால், தலைக்கு மேல் ஒன்று, பேஸ் டிரம்முக்கு ஒன்று என்று வைக்கலாம். பீட்டில்ஸ் கணக்கு!

நான்காவது, ஸ்னேருக்கு. மேலே சொன்ன எஸ்.எம். 57 போன்றது. ஒரே ஒரு மைக்குத்தான் பணம் இருக்கிறது என்கிறவர்களும் இதையே வாங்கலாம். டிரம்சுக்கும் ஆகும். பாட்டுக்கும் ஆகும். கிட்டாருக்கும் ஆகும். 48 வோல்ட் தேவை இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. இந்த மைக்குக்குப் போலி உண்டு. பெட்டி, எழுத்து, எடை எல்லாம் அசல் போலவே இருக்கும். பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சந்தேகப்பட வேண்டும். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில், பில் போட்டு வாங்குவதே நல்லது. பழைய மைக் வாங்குவதில் தவறு இல்லை. ஆனால், செருகிப் பேசிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

ரெக்கார்டு செய்யும்போது சிவப்பு விளக்கு எரியவே கூடாது. எரிந்தால் சத்தம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு யாராலும் தைக்க முடியாது. வாசிப்பவர் சோதனைக்கு மெதுவாக அடிப்பார். பாட்டு தொடங்கியதும் வேகம் வந்து ஓங்கி அடிப்பார். இது எல்லா டிரம்ஸ்காரர்களுக்கும் உள்ள குணம். ஆகவே அளவைக் குறைத்தே வைக்க வேண்டும்.

ஏழு வேண்டியவர்களும் உண்டு

பையன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

ஆயிரம் பேர் கூடும் மேடையில், தூரத்தில் தொங்கும் மைக் உதவாது. பக்கத்தில் நிற்கும் ஒலிபெருக்கியின் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் அதில் புகுந்துவிடும். அங்கே ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் மைக் வேண்டும். மெட்டல் என்கிற அதிவேக இசையில், இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை மிதிப்பார்கள். அங்கும் அப்படியே. ஏழு மைக் இருந்தால், ரெக்கார்டு முடிந்த பிறகு டாமைக் கூட்டலாம், ஸ்னேரைக் குறைக்கலாம் என்பதும் உண்மை.

ஆனால், மேடைக்குப் பெரும்பாலும் கச்சேரிக்காரர்களோ ஒலிபெருக்கிக்காரரோ மைக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் வாங்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. தொழிலாகவே செய்கிறவர் என்றால் அது வேறு பேச்சு. அவரும் மலிவுப் பெட்டியை வாங்க மாட்டார்.

எதிர்பாராத மைக்கும் சில சமயம் கைகொடுத்திருக்கிறது. லண்டனில் டவுன்ஹவுஸ் என்ற ஸ்டூடியோவில் பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டு செய்வதற்காக அல்ல, வாசிப்பவர் பேசினால் என்ஜினீயருக்குக் கேட்பதற்காகக் கூரையில் ஒரு மைக் இருந்தது. அதன் வழியாக டிரம்ஸ் சத்தம் வெடி போலக் கேட்டது. என்ஜினீயர் ஹியூ பட்காம் அதை விடவில்லை. பீட்டர் கேப்ரியல் 1980-ம் ஆண்டு வெளியிட்ட ஆல்பத்தில் அந்தச் சத்தம் இடம்பெற்றது. அடுத்த பத்தாண்டுகளில் எல்லாப் பாட்டிலும் அந்த வெடிதான்!

மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் கணக்கு இன்னும் சுலபம். மிருதங்கத்துக்கு வலந்தலை ஒன்று, தொப்பி ஒன்று. இரண்டு முகத்துக்கும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி இரண்டு மைக். டிரம்சுக்கு வாங்கிய அதே ஜோடி இதற்கும் ஆகும். தவிலுக்கு இன்னும் தள்ளி வைக்க வேண்டும். கூடத்துத் தவில் திண்ணையில் வைத்த மைக்குக்கே போதுமானதாக இருக்கும்.

பையன் ஏழிலிருந்து இறங்கி வருகிறான். "சரி அப்பா, மூன்று."

"முதலில் இரண்டு" என்கிறார் தகப்பனார். "பேஸ் டிரம்முக்குப் பொங்கலுக்குப் பார்க்கலாம்."

தாயார் பழைய ஜமக்காளத்தைத் தேடிப் பரணில் ஏறுகிறார்.